வெப்பாலையில் ஒரு மிக்

அன்புள்ள ஐயா,

மிக்-21 போர் விமானம் ஓய்வு பெற்றதைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பாலக்கோட்டில் 40 வருடமாகத் தச்சு வேலை செய்கிறவர். படத்தைப் பார்த்ததும் வெப்பாலைக் கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு முறை செய்தார், இரண்டு முறையும் இறக்கை அடியோடு உடைந்தது. படம் இணைத்திருக்கிறேன். ரெசின் வார்ப்பில் அச்சு அசலாகக் கடையிலேயே கிடைக்கும்போது இது வீண் வேலைதானே? அவரோ அடுத்து எதைச் செய்யலாம் என்று கேட்கச் சொல்கிறார்.

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரத்தின் ரேகை மூக்கிலிருந்து வால்வரை ஓடுகிறது. முழு விமானத்தையும் ஒரே கட்டையில் செதுக்கியிருக்கிறார். உடம்புக்கு அது சரி, இறக்கை மட்டும் ரேகையோடு பிளந்துகொள்ளும். கதவு நிலைக்கு ரேகை பார்க்கிறவருக்கு இது தெரியாததல்ல. பொம்மைதானே என்று விட்டிருப்பார்.

மிக்-21 இறக்கை முக்கோணம். நிஜத்தில் நுனிக்கு நுனி 7.15 மீட்டர். 48-இல் ஒரு பங்காகக் குறைத்தால் 15 சென்டிமீட்டர், நுனியில் அட்டை கனம்தான் மிஞ்சும். ஆகவே இறக்கைகளைத் தனித்தனியாக, முன்விளிம்போடு ரேகை ஓடும்படி அறுத்து, உடம்பில் காடி வெட்டிச் செருகச் சொல்லுங்கள். மூக்குக் கூம்பையும் தனியாகக் கடைசல் பிடித்து வைத்தால் காற்று போகும் வாயைச் சுத்தமாகக் குடையலாம்.

மரத் தேர்வில் அவரை மிஞ்ச முடியாது. கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்களும் வெப்பாலையைத்தான் கடைகிறார்கள். நான் சிறுவயதில் முருங்கைக் கட்டையில் நேட் என்ற சிறு போர் விமானத்தைச் செதுக்கினேன். காய்ந்ததும் பஞ்சாகிவிட்டது. முருங்கை சாம்பாருக்குத்தான்.

அடுத்தது மாருத் போர் விமானம். 1961 ஜூன் 17-இல் பெங்களூரில் முதலில் பறந்தது. ஜெர்மானிய விமான வடிவமைப்பாளர் கர்ட் டேங்க் தலைமையில் எச்.ஏ.எல். விமான நிறுவனம் உருவாக்கியது. உங்கள் ஊருக்குச் சென்னையைவிடப் பக்கத்தில் பிறந்த விமானம். நேட்டில் ஓர் ஆர்ஃபியஸ் என்ஜின், இதில் இரண்டு. அதைவிட வலுவான என்ஜின் கடைசிவரை அமையவில்லை, அதனால் நினைத்த வேகமும் வரவில்லை. 147 விமானங்களோடு நின்றுபோனது. எனக்கு அதில் தீராத ஆதங்கம் உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போது உங்கள் ரெசின் கேள்வி. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, இறக்கை சேரும் இடத்தில் விமானத்தின் மொத்தப் பருமன் திடீரென்று கூடினால் காற்றின் இழுவை ஏறிவிடும். அதைச் சமன் செய்ய அந்த இடத்தில் உடம்பை ஒடுக்குவார்கள். மாருத்துக்கு அந்த இடுப்பு உண்டு. போட்டோவில் அது லேசில் பிடிபடாது. கடையில் வாங்கியதில் கண் நேரே பெயின்டுக்கும் எண்ணுக்கும் ஓடும். உப்புத்தாள் போடுகிறவர் கைக்கு மட்டும் அது வழுக்கிக்கொண்டே தெரியும். எங்கே குறைக்கிறோம், ஏன் குறைக்கிறோம் என்று அப்பா விரலாலேயே கண்டுபிடிப்பார். இதை வீண் வேலை என்று நான் சொல்லமாட்டேன்.

பெயின்ட் வேண்டாம், சீலர் ஒரு கை போதும். தகட்டு இணைப்புக் கோடுகளையும் கீற வேண்டாம், மரத்தில் அவை தழும்பாகத் தெரியும். அப்புறம், கட்டை நன்றாகக் காய்ந்திருக்கட்டும், அவசரப்பட்டால் வால் கோணும்.

மாருத் முடிந்ததும் படம் அனுப்ப வேண்டாம். தர்மபுரி பக்கம் வரும்போது நேரில் வந்து தொட்டுப் பார்க்கிறேன்.