வரிச் சலுகை வந்தும் கையில் காசு நிற்கவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 39. திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை. ஆண்டுச் சம்பளம் 12.6 லட்சம், புதிய வரிமுறையில் இருக்கிறேன். போன வருஷம் இன்கிரிமென்ட் இல்லை. பிஎஃப் போகக் கைக்கு 94,000 வருகிறது. வீட்டுக் கடன் பாக்கி 30 லட்சம், இன்னும் 15 வருஷம். வட்டி 9 சதவீதத்திலிருந்து 7.75-க்கு இறங்கியதால், தவணையை 30,400-லிருந்து 28,200 ஆகக் குறைத்துக்கொண்டேன். ஜிஎஸ்டி குறைந்ததும் தீபாவளிக்கு ஒரு சிறிய கார் எடுத்தோம். 5.5 லட்சம் கடன், 7 வருஷம், மாதம் 8,900. இப்போது மனைவியின் தம்பி கடை வைக்க 4 லட்சம் கேட்கிறார். வங்கி ஆப்பில் 13.5 சதவீதத்துக்குத் தனிநபர் கடன் தயாராக இருக்கிறது. ஏப்ரலில் எனக்கு ஆண்டுக்கு 90,000 ஏறும் என்று சொல்லியிருக்கிறார்கள், தவணையை அதில் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். கிரெடிட் கார்டு பாக்கி 38,000, சேமிப்புக் கணக்கில் 60,000 இருக்கிறது. ஏஜென்ட் ஒருவர், பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி எடுத்துவிட்டார்கள், வருஷம் 50,000 கட்டும் பாலிசி ஒன்றைப் போடுங்கள் என்கிறார். நடுத்தர வர்க்கத்துக்கு அரசு இவ்வளவு செய்ததாகச் சொல்கிறார்கள். என் கையில் மட்டும் 20-ம் தேதிக்கு மேல் ஒன்றும் இல்லை. என்ன தவறு செய்கிறேன்?

பதில்: சலுகைகள் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வந்த மாதமே ஒவ்வொன்றையும் ஒரு தவணைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். தவறு அது ஒன்றுதான், பாலிசியையும் முதலீட்டையும் பிறகு பார்ப்போம்.

2024-25-ல் இதே சம்பளத்துக்கு, நிலையான கழிவு 75,000 போக, செஸ் என்னும் கூடுதல் வரியோடு சுமார் 80,900 வரி கட்டியிருப்பீர்கள். 2025 பட்ஜெட்டில், கழிவு போக வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை வரி கிடையாது என்று ஆனதும் அது பூஜ்யமானது. மாதத்துக்கு 6,700. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள், வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து 5.25-க்கு இறக்கியதில் வீட்டுக் கடனில் 2,200. இரண்டும் சேர்த்து மாதம் 8,900. உங்கள் கார் தவணையும் 8,900.

போன வருஷம் கைக்கு வந்தது ஏறக்குறைய 87,300. வீட்டுத் தவணை போக மிஞ்சியது 56,900. இந்த வருஷம் கைக்கு 94,000, இரண்டு தவணையும் போக மிச்சம் அதே 56,900. அதிலிருந்துதான் பெட்ரோல், கார் இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் போகிறது. எப்படிப் பார்த்தாலும் மாதம் ஐந்தாறாயிரம். ஆக, சலுகைக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது உங்கள் கை இறுக்கமாகத்தான் இருக்கிறது. 20-ம் தேதிக்கு மேல் கார்டைத் தேய்ப்பதற்குக் காரணம் இது.

சிறிய பெட்ரோல் காருக்கு வரி 29-லிருந்து 18 சதவீதமானதில் ஆறரை லட்சம் ரூபாய்க் காருக்குச் சுமார் 55,000 குறைந்திருக்கும். உங்கள் கடனுக்கு 7 வருஷத்தில் கட்டப்போகும் வட்டி ஏறக்குறைய 2 லட்சம். சரி, கார் வாங்கியாயிற்று. குழந்தைகளுக்கும் உதவும், வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம்.

நான் உண்மையாகவே கவலைப்படுவது உங்கள் ஏப்ரல் கணக்கைப் பார்த்துத்தான். 90,000 ஏறினால் மாதம் 7,500 கூடும் என்று நினைக்கிறீர்கள். சம்பளம் 13.5 லட்சம் ஆகும்போது, 75,000 கழித்தால் வரிக்குரிய வருமானம் 12.75 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டியதும் அந்த முழுத் தள்ளுபடி போய்விடும். 4 லட்சத்துக்கு மேல் உள்ள எல்லாவற்றுக்கும் வரி போடுவார்கள். 4-லிருந்து 8 வரை 20,000, 8-லிருந்து 12 வரை 40,000, அதற்கு மேல் உள்ள 75,000-க்கு 15 சதவீதம், அதாவது 11,250. கூட்டினால் 71,250, செஸ்ஸோடு 74,100. எல்லையைக் கொஞ்சமாகத் தாண்டியவர்களுக்கு ஒரு நிவாரணம் உண்டு, ஆனால் அது சுமார் 12.7 லட்சத்தோடு நின்றுவிடும். உங்களுக்குக் கிடைக்காது.

90,000 ஏற்றத்தில் 74,100 வரி. மிச்சம் 15,900, மாதத்துக்கு 1,300. பிஎஃப் பிடித்தம் கூடினால் அதுவும் இல்லை. இந்த 1,300-ஐ நம்பி மாதம் 10,800 தவணைக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். 4 லட்சத்துக்கு 13.5 சதவீதத்தில் 4 வருஷத் தவணை அவ்வளவு வரும், மொத்தமாக 5.2 லட்சம் கட்ட வேண்டியிருக்கும். மூன்று தவணையும் சேர்ந்தால் 47,900. கைக்கு வருவதில் பாதிக்கு மேல். பட்ஜெட் சலுகை ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், உங்கள் சம்பளம் கூடினாலே கை நழுவிப் போகலாம். தனிநபர் கடன் தவணை அப்படி மாறாது, கடைசி மாதம் வரை அதே தொகைதான்.

ஏப்ரலுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் கேட்டு, அந்த ஏற்றத்தில் 75,000-ஐ முதலாளியின் பங்களிப்பாக என்பிஎஸ்ஸில், அதாவது தேசிய ஓய்வூதியத் திட்டத்தில், போடச் சொல்லுங்கள். புதிய வரிமுறையிலும் கழிவு கிடைக்கும் வெகு சில இனங்களில் இது ஒன்று. அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை அனுமதி. உங்கள் அடிப்படை ஆண்டுக்கு 5.4 லட்சத்துக்கு மேல் இருந்தால் 75,000-க்கு இடம் இருக்கிறது. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தில் நிற்கும், வரி பூஜ்யம். கைக்கு வருவது ஏறக்குறைய அதே 15,000-தான், ஆனால் வரியாகப் போகவிருந்த 74,000 உங்கள் பெயரில் ஓய்வுக்காலத்துக்குச் சேரும். பொதுவாக, பணம் இவ்வளவு காலம் முடங்கும் திட்டங்களை நான் அவசரப்பட்டுப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் கணக்குக்கு இது பொருந்துகிறது. நிறுவனத்தில் இந்த வசதி இல்லை என்று சொன்னாலும் விடாமல் ஒருமுறை மேலிடத்தில் கேளுங்கள்.

அப்புறம் மைத்துனர் விஷயம். தனிநபர் கடன் வேண்டாம். ஆப்பில் தயாராக இருப்பது உங்கள் வசதிக்காக அல்ல. சம்பளத்தேதியில் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கிக்குத் தெரியும், அதனால்தான். கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை உங்களுடையது, ஒரு மாதம் தவறினால் கெடுவது உங்கள் சிபில் மதிப்பெண். அவர் கடை வைக்கத்தான் கேட்கிறார் என்றால் முத்ரா கடன் இருக்கிறது. கிஷோர் பிரிவில் 50,000-லிருந்து 5 லட்சம் வரை, சொத்துப் பிணையம் இல்லாமல், அவர் பெயரிலேயே கிடைக்கும். திட்ட அறிக்கை எழுதவும் வங்கிக்குக் கூடப் போகவும் ஒரு சனிக்கிழமையை அவருக்காக ஒதுக்குங்கள். வங்கி அவரது திட்டத்தைப் பார்த்துத் தயங்கினால், நீங்களும் தயங்க வேண்டிய இடம் அதுதான். கையில் கொடுக்க நினைத்தால், திரும்பி வராவிட்டாலும் மனஸ்தாபம் வராத தொகையைக் கொடுங்கள். இன்றைய நிலையில் அது 10,000-ஐத் தாண்டக் கூடாது.

மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். தம்பிக்கு மறுப்பதாகப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். இந்த 1,300 ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தாளைப் பார்த்தபின் பேச்சு மாறிவிடும்.

பாலிசி வேண்டாம். காப்பீட்டோடு சேமிப்பும் சேர்ந்த எண்டோவ்மென்ட் பாலிசிக்கு முதல் வருஷ ஜிஎஸ்டி 4.5 சதவீதமாக இருந்தது. 50,000-க்கு 2,250. அவ்வளவு மிச்சம் பிடிக்க வருஷா வருஷம் 50,000-ஐ யாராவது கட்டுவார்களா? வரிச் சலுகை என்று ஏஜென்ட் சொன்னால் புதிய வரிமுறையில் பிரீமியத்துக்கான 80சி கழிவே கிடையாது என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அந்த ஜிஎஸ்டி நீக்கம் உங்களுக்கு உண்மையில் உதவும் இடம் மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பியிருந்தால், குடும்பத்துக்குச் சொந்தமாக ஒன்று எடுங்கள். முன்பு 25,000 பிரீமியத்துக்கு 4,500 வரி இருந்தது, இப்போது இல்லை. டேர்ம் பாலிசியும் அப்படியே.

கார்டு பாக்கி 38,000-ஐ இன்றைக்கே சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டிவிடுங்கள். கார்டு வட்டி மாதத்துக்கே மூன்று சதவீதத்துக்கு மேல், பெரிய வங்கிகளின் சேமிப்புக் கணக்கில் வருஷத்துக்கே அவ்வளவு வருவதில்லை.

வீட்டுக் கடனில் தவணையைக் குறைத்ததும் அவசரம்தான். பழைய 30,400-ஐயே தொடர்ந்திருந்தால் 15 வருஷக் கடன் 13 வருஷத்தில் முடியும், மொத்தத்தில் சுமார் 3 லட்சம் மிச்சம். வட்டி மாறும்போது தவணையை மாற்றுவதா, காலத்தை மாற்றுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவு. கார்டு வட்டி நின்றதும் கிளைக்குப் போய், தவணையைப் பழையபடி 30,400 ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டிக் கட்டினாலும் அபராதம் கிடையாது.

அடுத்த பட்ஜெட்டில் ஏதாவது குறைந்தால், அந்த மிச்சத்தை ஆறு மாதம் தனிக் கணக்கில் சேர விடுங்கள். அதற்குள் எந்தக் கடன் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.