பங்குச் சாமியாரை யார் மாற்றலாம்? சபைகளும் ஆயரும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்தும் பங்கு (ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்), பள்ளி, மருத்துவமனை இவற்றில் பேராயருக்கு, அதாவது உயர்மறைமாவட்டத்தின் ஆயருக்கு, எவ்வளவு அதிகாரம், சபைத் தலைமைக்கு எவ்வளவு என்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்து மக்கள்தான் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். நான் திருச்சபைச் சட்டம் படித்த பொதுநிலையினன், குருவும் அல்ல, எந்த சபையிலும் இல்லை. 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பை வைத்துத்தான் பேசுகிறேன், அடைப்புக்குறிக்குள் வரும் எண்கள் அதிலுள்ள சட்ட எண்கள். பங்குகளின் பெயர், சாமியார்களின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி (பங்குப் பேரவை உறுப்பினர், கடலூர்ப் பக்கம்): ஐயா, எங்கள் பங்குத்தந்தை ஒரு துறவற சபையைச் சேர்ந்தவர். வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, புரொவின்சியல் (சபையின் இந்தப் பகுதித் தலைவர்) மாற்றிவிட்டார். பேராயரைக் கேட்காமல் இப்படிச் செய்யலாமா?

செய்யலாம். சட்டம் 682 இதைத் தெளிவாகச் சொல்கிறது. துறவற குரு ஒருவரைப் பங்குத்தந்தையாக நியமிப்பது ஆயர்தான், ஆனால் அவரைச் சபைத் தலைவர் முன்மொழிந்திருக்க வேண்டும், அல்லது குறைந்தபட்சம் சம்மதித்திருக்க வேண்டும். எடுப்பது என்று வந்தால் இருவரில் யாரும் எடுக்கலாம். ஆயர் எடுத்தால் சபைத் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும், சபைத் தலைவர் எடுத்தால் ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் போதும், மற்றவருடைய சம்மதம் தேவையில்லை. எந்த சபையிலும் சேராமல் ஆயருக்குக் கீழ் பணிபுரியும் மறைமாவட்ட குருவாக இருந்தால் கதை வேறு. அவரை விருப்பத்துக்கு எதிராக நீக்க சட்டம் 1740 முதல் 1747 வரை ஒரு முழு நடைமுறையே இருக்கிறது, காரணம் காட்ட வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். துறவற குருவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, ஏனென்றால் அவர் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர், பங்கு அவருக்கு வருவதே சபை வழியாகத்தான்.

மனு எழுதுங்கள், தப்பே இல்லை. தங்கள் தேவைகளை மேய்ப்பர்களிடம் சொல்ல மக்களுக்கு உரிமை உண்டு (212). ஒரே மனுவைப் பேராயருக்கும் புரொவின்சியலுக்கும் அனுப்புங்கள். கோயிலுக்குப் பூட்டுப் போடுவதும், புதுச் சாமியார் வந்து இறங்கும் நாளில் வாசலில் மறியல் செய்வதும் வேண்டாம். அப்புறம் ஒன்று, இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்: உங்கள் பங்கைச் சபையிடம் ஒப்படைத்தபோது ஆயரும் சபைத் தலைவரும் போட்ட எழுத்து ஒப்பந்தம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சட்டம் 520 அதைக் கட்டாயம் என்கிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, புதுச்சேரி): கோயில் வளாகத்திலேயே சிஸ்டர்களின் பள்ளி. இப்போது நடுவில் சுவர் எழுப்பப் போகிறார்களாம். நிலம் பங்குடையது, அவர்கள் எப்படி எழுப்பலாம் என்று ஒரே சண்டை. பள்ளி யாருடையது?

அம்மா, இதற்கு வாசலில் நின்று பேசிப் பதில் கிடைக்காது, காகிதத்தைப் பார்த்தால்தான் கிடைக்கும். முதலில் பார்க்க வேண்டியது, பள்ளி சபையின் சொந்தப் பணியா, அல்லது ஆயர் சபையிடம் ஒப்படைத்த பணியா என்பது. சொந்தப் பணி என்றால் நிர்வாகம், பணம், சிஸ்டர்களின் பொறுப்பு எல்லாம் சபையுடையது. ஒப்படைத்த பணி என்றால் அது ஆயரின் அதிகாரத்தின் கீழும் வழிநடத்துதலின் கீழும் இருக்கிறது (681). அப்படி ஒப்படைக்கும்போது என்ன வேலை, யார் யார் செய்வார்கள், பணக் கணக்கு எப்படி என்று எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

இப்படி ஒரு கோப்பை நான் திறந்து பார்த்திருக்கிறேன். பழுப்பேறிய ஒற்றைத் தாள், தட்டச்சு செய்தது, கீழே ஆயரின் கையெழுத்தும் சிஸ்டர்களின் தலைவியான மதரின் கையெழுத்தும். கட்டிடத்தைச் சபை கட்டும், நிலம் மறைமாவட்டத்தின் பெயரிலேயே இருக்கும், சபை போய்விட்டால் கட்டிடத்துக்கு ஈடு தர வேண்டும் என்பது வரை எழுதியிருந்தது. கிணற்றுத் தண்ணீரை யார் எடுப்பது என்றுகூட ஒரு வரி. அந்தத் தாளை ஒருவரும் தேடாமலே பல காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். உங்கள் சுவருக்கும் அப்படி ஒரு தாள் இருக்கலாம். நிலப் பத்திரம் யார் பெயரில் என்பதைப் பதிவு அலுவலகத்தில் பாருங்கள், ஒப்பந்தத்தைப் பேராயர் இல்லத்தில் கேளுங்கள். அதுவரை இரு பக்கமும் செங்கல் இறக்க வேண்டாம்.

கேள்வி (இளைஞர், வில்லியனூர்): பேராயர் சிஸ்டர்கள் பள்ளிக்குள் வந்து சோதனை செய்ய முடியுமா? அவர்கள் சபை ரோமுக்கு நேரடியாகக் கட்டுப்பட்டது என்கிறார்களே?

முடியும். வெளிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் ஆயர் வந்து பார்க்கலாம் (683, 806). சபையின் சொந்த மாணவர்களுக்கு மட்டுமேயான பயிற்சி இல்லம் என்றால் அந்த உரிமை இல்லை. மறைக்கல்வி ஆசிரியரை அங்கீகரிப்பதும், தேவைப்பட்டால் நீக்குவதும் ஆயர் கையில்தான் (805). சிஸ்டர்கள் மடத்துக்குள் எப்போது செபிக்கிறார்கள், யாரைத் தலைவியாக்குகிறார்கள் என்பதில் தலையிட முடியாது, அது சபையின் உள் வாழ்க்கை (586).

கேள்வி: என் மகன் சலேசியன் சபைத் துறவி ஆக வேண்டும் என்கிறான். நல்ல சபையா?

இது என் துறை இல்லை தம்பி. அவர்களுடைய இறையழைத்தல் பொறுப்பாளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கடலூர்): திருவிழா உண்டியல் பணம் சபைக்கா, பங்குக்கா?

பங்குக்கு. பங்குப் பணியின்போது மக்கள் போடுவது பங்குக் கணக்கில் சேர வேண்டும், கொடுத்தவர் வேறு நோக்கம் சொல்லியிருந்தால் தவிர (531). சபை இல்லத்தின் கணக்கும் பங்கின் கணக்கும் தனித்தனி. நிதிக்குழு எல்லாப் பங்கிலும் இருந்தாக வேண்டும் (537), துறவற குரு நடத்தும் பங்குக்கும் அதில் விலக்கு இல்லை. பங்குத்தந்தைக்கு எவ்வளவு, சபைக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். ஒப்பந்தத்தைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஃபாதரையும் மாற்றிவிட்டார்கள்...

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, புதுச்சேரி): கப்ஸ் கோயில் என்ற பெயர் எப்படி வந்தது? நம் ஊரில் முன்பு யார் யார் பங்கு நடத்தினார்கள்?

கேட்டதற்கு நன்றி, இன்றைய சண்டைகளுக்கெல்லாம் இந்த ஊரில் முன்கதை இருக்கிறது. கப்புச்சின் துறவிகளிடமிருந்து வந்த பெயர் அது. பிரெஞ்சுக்காரர்களின் ஆன்மிகப் பணி கப்புச்சின்களிடம் இருந்தது, தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே இயேசு சபையார் வேலை செய்தார்கள். அப்போது புதுச்சேரி மயிலாப்பூர் ஆயரின் எல்லைக்குள். 1700-ஐ ஒட்டி அந்த ஆயர் தமிழர் பங்கை இயேசு சபையிடம் கொடுத்தார், கப்புச்சின்கள் எங்கள் உரிமை போயிற்று என்று ரோம் வரை போனார்கள். அந்த ஆயரே இயேசு சபைக்காரர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு சபை, ஒரு ஆயர், ஒரு பங்கு! 1773-ல் இயேசு சபை கலைக்கப்பட்டது, 1776-ல் பாரீஸ் வேதபோதக சபையார் பொறுப்பேற்றார்கள். 1886-ல் இது உயர்மறைமாவட்டம் ஆனது. அதற்குப் பிறகும் 1955 வரை பேராயர்கள் அந்த சபையாரே. அந்த ஆண்டு அம்புரோஸ் ராயப்பன் வந்தபோதுதான் முதல் இந்தியப் பேராயர் கிடைத்தார். ஒரு பகுதியையே ஒரு சபையிடம் ரோம் ஒப்படைக்கும் அந்தப் பழைய ஏற்பாட்டை மறைமாவட்டங்களைப் பொறுத்தவரை 1969-ல் ரோமே முடித்துவைத்தது. அதற்குப் பிறகு ஆயரும் சபையும் பேசி ஒப்பந்தம் போடுவதுதான் வழி.

எதிர்ப்பு (ஓர் அன்பர், நீளமாக எழுதியிருந்தார்): ஆயர் திருத்தூதர்களின் வழித்தோன்றல். சபைகள் எல்லாம் அவருக்குக் கீழேதான். இரண்டு தலைமை என்பதே குழப்பம்.

அதற்கு மறுப்பு (இன்னொருவர்): சபைகள் இல்லாவிட்டால் பள்ளி ஏது, ஆஸ்பத்திரி ஏது? ஆயர்களிடம் விட்டிருந்தால் எல்லாம் மூடியிருக்கும்.

இந்த இருவரும் மாறி மாறி எழுதி மற்றவர்களின் கேள்விகளை மூழ்கடித்துவிட்டதால் பதில் சொல்லியாக வேண்டும். இருவர் சொல்வதும் சட்டத்தில் இல்லை. ஆன்ம நலப் பணி, பொது வழிபாடு, மற்ற திருத்தூதுப் பணிகள் இவற்றில் துறவியர் ஆயருக்குக் கட்டுப்பட்டவர்கள், அதே பணிகளில் தங்கள் சபைத் தலைவருக்கும் கட்டுப்பட்டவர்கள், இருவரும் கலந்து பேசி நடத்த வேண்டும் (678). மூன்றும் ஒரே சட்டத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவரவர் தமக்குப் பிடித்த பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

எல்லாம் ஆயருக்குக் கீழே என்றால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊர் குளூனி சிஸ்டர்களின் நிறுவனரைப் பாருங்கள். அன்னை ஆன்-மரி ஷவூஹே 1807-ல் சபையைத் தொடங்கினார், சிஸ்டர்கள் 1827-லேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டார்கள். பிரான்சில் ஒத்தூன் ஆயர், உங்கள் சபைக்குத் தலைவர் நானே என்று பிடிவாதம் பிடித்தார். அன்னை மறுத்தார். அவர் தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவில் விடுதலை பெற்ற அடிமைகளோடு வேலை செய்துகொண்டிருந்தபோது, அங்கே அவருக்கு நற்கருணைகூட மறுக்கப்பட்டது. அதுவும் நாள்கணக்கில் இல்லை, ஆண்டுக்கணக்கில். பீடத்துக்கு எதிரே முழந்தாளிட்டு, மற்றவர்கள் எழுந்து போய் நற்கருணை வாங்குவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிய நிலை. 1950-ல் அதே பெண்ணைத் திருச்சபை அருளாளர் என்று அறிவித்தது. பல கண்டங்களில் வேலை செய்யும் சபையை ஒரே ஆயரிடம் கட்டிவைக்கக் கூடாது என்பதற்காகத்தான் உள் நிர்வாகத்தில் ரோமுக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட திருப்பீட உரிமைச் சபை என்ற நிலை இருக்கிறது (593).

மறுத்தவருக்கும் சொல்கிறேன். ஆயர்கள் மூடியிருப்பார்கள் என்பது இந்த ஊரில் நின்று சொல்லக்கூடிய பேச்சா? 1844-ல் ஆயர் பொன்னான் கூட்டிய புதுச்சேரி ஆயர் மன்றத்திலிருந்துதான் இங்கே பெண்கல்விக்கு வேகம் வந்தது. அதே ஆண்டு துய்ப்புயி அடிகள் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு சபையைத் தொடங்கினார். அதுதான் இன்றைய மரியன்னையின் மாசற்ற இதய பிரான்சிஸ்கன் சபை. ஆயரின் ஆதரவு இல்லாமல் அது பிறந்திருக்காது. ஆனால் இன்று ஒரு ஆயர் நினைத்த மாத்திரத்தில் புதுச் சபை தொடங்க முடியாது, திருப்பீடத்தின் முன் அனுமதி எழுத்தில் வேண்டும் என்று 2020-ல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டம் 579-ஐ மாற்றிவிட்டார்.

இந்த விவாதம் இதோடு போதும். இன்னும் வந்தால் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): ஒரு விடுதியில் பிள்ளையிடம் தவறாக நடந்ததாகக் கேள்விப்படுகிறோம். முதலில் பேராயரிடம் போவதா, சபையிடம் போவதா?

முதலில் காவல்துறை, அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-ன்படி தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும். மதர் விசாரிக்கட்டும், புரொவின்சியல் வரட்டும் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். திருச்சபைக்குள் பேராயருக்கும் சபைத் தலைமைக்கும் எழுத்தில் தெரிவிக்கலாம், 2019-ல் வந்த விதிகளின்படி அவர்கள் நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவர்கள். ஆனால் அது காவல்துறைக்குப் பதிலாக ஆகாது. இன்றே போங்கள்.

கேள்வி: கன்னியர் மடத்தில் மருந்தகத்தை மூடிவிட்டு மகளிர் விடுதி ஆக்குகிறார்கள். பேராயர் அனுமதி வேண்டுமா?

மடம் தொடங்கியபோது ஆயர் எந்தப் பணிக்குச் சம்மதித்தாரோ அதற்கு மாறான பணி என்றால் வேண்டும் (612). மடத்தையே மூட ஆயரைக் கலந்தாலோசித்தால் போதும் (616).

கேள்வி: சபை தன் நிலத்தை விற்கலாமா?

தன் நிலம் என்றால் சபைத் தலைமையின் எழுத்து அனுமதி, தொகை பெரிதானால் ரோமின் அனுமதியும் (638). ரோமுக்கு நேரடியாக இல்லாமல் ஆயரின் பொறுப்பில் இருக்கும் மறைமாவட்ட உரிமைச் சபை என்றால் ஆயரின் எழுத்துச் சம்மதமும் சேரும். அரசுச் சட்டத்துக்கு வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: பங்குச் சாமியாரை மாற்ற புரொவின்சியலுக்கு...

முதல் பதில். முதல் பதில்.

கேள்வி (முதலில் கேட்ட கடலூர் அன்பர், மறுபடியும்): ஐயா, நீங்கள் சொன்னபடி ஒப்பந்தத்தைக் கேட்டோம். காட்டினார்கள். பங்கை ஒப்படைத்த காலம் முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. யாரும் புதுப்பிக்கவில்லை. இப்போது பங்கு யாருடையது?

நல்ல வேளை கேட்டீர்கள். பங்கு எப்போதும் மறைமாவட்டத்துக்குள் இருக்கும் பங்குதான், அது சபையின் சொத்தாக ஆவதில்லை. ஒப்படைப்பு நிரந்தரமாகவும் இருக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்கும் இருக்கலாம் (520). உங்களுடையது குறிப்பிட்ட காலத்துக்கு, அது முடிந்துவிட்டது. அதற்காக அங்கே கொடுத்த ஞானஸ்நானமோ திருமணமோ செல்லாமல் போகாது, சாமியாரைப் பேராயர் நியமித்திருக்கிறார், அவர் பங்குத்தந்தைதான். ஆனால் பணமும் கட்டிடமும் எந்த எழுத்தின் கீழ் நடக்கிறது என்பதற்கு இப்போது பதில் இல்லை. மாற்றத்துக்கு எதிரான மனுவை ஓரமாக வையுங்கள். பங்குப் பேரவை, நிதிக்குழு இரண்டின் தீர்மானத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி இருவருக்கும் எழுதுங்கள், பழைய ஒப்பந்தத்தின் நகலை இணைத்து. நகலில் கடைசிப் பக்கமும் வருகிறதா என்று பாருங்கள், கையெழுத்தும் தேதியும் அதில்தான் இருக்கும்.