அண்ணா பல்கலைக்கழகப் பட்டத்துக்கு இன்னமும் மதிப்பு இருக்கிறதா?

கேள்வி: என் கட் ஆஃப் 200க்கு 172. கவுன்சலிங்கில் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் இணைப்புக் கல்லூரி கிடைக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயர் கெட்டுவிட்டது, கடன் வாங்கியாவது சொந்தமாகப் பட்டம் வழங்கும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர் என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, கடன் வாங்க வேண்டாம். ஆனால் அண்ணா என்ற பெயரை மட்டும் நம்பியும் சேர வேண்டாம்.

கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக் எனப்படும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி), கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கும் சேர்ந்துதான் 1978இல் இந்தப் பல்கலைக்கழகம் உருவானது. கிண்டியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது எம்.ஐ.டி.யில். மத்திய அரசின் தரவரிசையில் 2024இல் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு முதன்முறையாகத் தனிப் பட்டியல் வந்தபோது முதலிடம் பிடித்ததும் அண்ணாதான். இந்தப் பெருமையெல்லாம் பல்கலைக்கழகம் நேரடியாக நடத்தும் துறைகளுடையது. உங்களுக்குக் கிடைக்கும் கல்லூரிக்கு அதில் பங்கில்லை.

2001க்குப் பிறகு மாநிலம் முழுவதும் உள்ள பொறியியல் கல்லூரிகள் இதனுடன் இணைக்கப்பட்டன. இன்று அவை 400க்கும் மேல். பட்டச் சான்றிதழில் எல்லோருக்கும் ஒரே பெயர், படிப்பில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெயர் கெட்டதும் இந்த இடத்தில்தான். ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்று 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆதாரத்தோடு வெளியிட்டது. அதில் 200க்கும் மேற்பட்ட கல்லூரிகள் சிக்கின. ஆய்வுக்குப் போய் அனுமதி கொடுத்தது பல்கலைக்கழகம்தானே? அந்தப் பொறுப்பிலிருந்து அது தப்ப முடியாது. அடுத்த மாதமே துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது, ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் அந்த நாற்காலி நெடுநாள் காலியாகக் கிடந்தது. மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த நிறுவனத்தை இப்படி விட்டுவைத்தது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அப்படியிருந்தும் இதை ஏன் பரிந்துரைக்கிறேன்? நானும் ஓர் இணைப்புக் கல்லூரியில் படித்தவன், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. பணம் கட்டித்தான் சேர வேண்டும் என்றிருந்தால் பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்திருக்கும். யார் பிள்ளை என்று கேட்காமல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டி, 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி இடம் கொடுக்கும் முறை இது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் தனியாக உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தை எடைபோடும்போது நான் முதலில் தட்டில் வைப்பது இதைத்தான்.

இப்போது வேலைக்கு ஆளெடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். புதியவர்களை எடுக்கும் ஐ.டி. நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் சுற்றில் பார்ப்பது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பி.இ. மூன்றிலும் 60 சதவீதம் இருக்கிறதா, அரியர் நிலுவையில் இருக்கிறதா என்பதைத்தான். அடுத்து கோடிங் தேர்வு. அந்தச் சுற்றைத் தாண்டிவிட்டால் நிகர்நிலையா இணைப்புக் கல்லூரியா என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. வளாக நேர்காணலுக்கு எத்தனை நிறுவனங்கள் வரும் என்பதில் மட்டும் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களுக்கு ஆதாயம் உண்டு, மறுக்கவில்லை.

கவுன்சலிங்கில் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு செமஸ்டர் முடிந்ததும் கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தைப் பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. கடைசி நான்கைந்து செமஸ்டர்களில் அந்தப் பட்டியலில் உங்கள் கல்லூரி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வை அவர்களே நடத்துவார்கள், அந்தப் பட்டியல் உதவாது. அங்கே மூன்றாம் ஆண்டு மாணவர்களைப் பிடித்து, லேப் ஒழுங்காக நடக்கிறதா, பாடம் நடத்துபவர்கள் வருடாவருடம் மாறுகிறார்களா என்று கேளுங்கள். கல்லூரி நிர்வாகம் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.