ஒரு நாள் பொம்பெயி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரோம் நகரில் படித்த காலத்தில், உடன் படித்த பதினான்கு பேரோடு, கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த ரோமானிய ஊரான பொம்பெயிக்கு ஒரு நாள் சென்று வந்ததைச் சென்ற இதழில் ஒரு பதிலுக்கிடையே குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டிக் கடிதங்கள் பல வந்துள்ளன. அவற்றில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த முறை வேறு எதற்கும் இடம் கொடுக்காமல் அந்த ஊரைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் ரோமில் முதுகலை படிக்கிறேன். எங்கள் வகுப்பு மாணவர்கள் அடுத்த மாதம் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும்படி பொம்பெயி செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். ஒரு நாள் போதுமா? எதைப் பார்ப்பது, எதை விடுவது? – மாணவி, சொந்த ஊர் தஞ்சாவூர்

போதாது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு போனால் அந்த ஒரு நாள் நல்ல நாளாக அமையும். மதிலுக்கு உட்பட்ட பரப்பு மட்டுமே ஏறத்தாழ 66 ஹெக்டேர், அதாவது 160 ஏக்கருக்கு மேல். 1748-இல் தொடங்கிய அகழாய்வு இன்னும் முடியவில்லை. ஊரில் மூன்றில் ஒரு பங்கு இன்றும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறது.

நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். இருபது வீடுகளின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, ஒன்றையும் விடக்கூடாது என்ற வேகத்தில் ஓடினோம். பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் வரைபடத்தில் அடையாளம் போடுவது மட்டுமே எங்கள் வேலையாகிவிட்டது. எந்த ஓவியத்தை எந்த வீட்டில் பார்த்தோம் என்று அன்றிரவு ரயிலில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று. தெருமுனையில் இருந்த ஒரு கல் தொட்டியில் தண்ணீர் பிடிக்கக் குனிந்தபோது என் இடக்கை தானாகவே விளிம்பில் ஊன்றியது. ஊன்றிய இடம் உள்ளங்கை அளவுக்குக் குழிந்து, வழவழவென்று இருந்தது. அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் காலையும் மாலையும் தண்ணீருக்கு வந்து, அதே இடத்தில் கையை ஊன்றிக் குனிந்து குனிந்து தேய்த்த குழி அது. ரோமானியர் வரலாற்றை ஓர் ஆண்டு முழுவதும் வகுப்பில் கேட்டிருந்தேன்; அந்தக் குழியில் கை பொருந்தியபோதுதான் இது மனிதர்கள் வாழ்ந்த ஊர் என்பது எனக்கு உறைத்தது.

ஆகவே உங்கள் குழுவுக்கு என் யோசனை, ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து அதை முழுமையாக நடந்து பாருங்கள் என்பதுதான். மரீனா வாயில் வழியாக நுழைந்தால் சற்றுத் தூரத்தில் நகரத்தின் பொதுச் சதுக்கம் வரும். அங்கிருந்து கிழக்கே நீளும் அபொண்டான்சா தெரு ஊரின் மறுகோடி வரை செல்கிறது. (அது பழைய பெயரன்று. அங்குள்ள நீர்த்தொட்டியில் செதுக்கிய பெண்ணுருவை வளமையின் தேவதை என்று எண்ணி அகழாய்வாளர்கள் இட்ட பெயர்.) எரிமலைக் கல் பாவிய அந்தத் தெருவில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடங்களைப் பாருங்கள். தெருவைக் குறுக்கே கடப்பதற்கு உயரமான கற்களை நட்டிருப்பார்கள். தொட்டிகளிலிருந்து வழிந்த நீரும் கழிவும் தெருவில் ஓடியதால், கால் நனையாமல் கடக்க ஊரார் செய்துகொண்ட ஏற்பாடு அது. கற்களுக்கிடையே சக்கரம் புகுந்து செல்ல இடைவெளி விட்டிருக்கும் கணக்கையும் கவனியுங்கள்.

இருபுறமும் கடைகள். வாசற்படிக் கல்லில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கடை அடைக்கும்போது பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொருகிய பள்ளம். நம் ஊர்ப் பழைய மளிகைக் கடைகளில் எண் போட்ட பலகைகளை வரிசையாகப் பொருத்திக் கடையடைப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. அதே தெருவில் வெதூத்தியுஸ் பிளாசிதுஸ் என்பவருடையதாகக் கருதப்படும் உணவுக்கடை ஒன்று உண்டு. வாய் மட்டும் தெரியும்படி மண்சாடிகளைப் பதித்துக் கட்டிய மேடையும், பின்சுவரில் குலதெய்வங்களின் ஓவியமும் அங்கே அப்படியே இருக்கின்றன. அந்தச் சாடிகளில் ஒன்றில்தான் ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள சில்லறை நாணயங்கள் கிடைத்தன. திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

சுவர்களையும் பாருங்கள். இன்னாரைப் பதவிக்குத் தேர்ந்தெடுங்கள் என்று சிவப்பு மையில் எழுதிய தேர்தல் விளம்பரங்கள் பொம்பெயியில் இரண்டாயிரத்துக்கும் மேல் கிடைத்துள்ளன. பழ வியாபாரிகள் இவரை ஆதரிக்கிறார்கள், பொற்கொல்லர்கள் அவரை ஆதரிக்கிறார்கள் என்று தொழில் வாரியாக எழுதியிருக்கிறார்கள்.

தெருவின் முடிவில் கி.மு. 70 அளவில் கட்டிய வட்டரங்கம் இருக்கிறது. கல்லால் கட்டி இன்று எஞ்சியிருக்கும் வட்டரங்கங்களில் அதுவே மிகப் பழையது. கி.பி. 59-இல் பொம்பெயிக்காரர்களும் பக்கத்து ஊரான நுசேரியாவிலிருந்து வந்தவர்களும் அங்கே மோதிக்கொண்டதில் உயிர்கள் போயின. பத்தாண்டுகளுக்கு அங்கே போட்டிகள் நடத்தக் கூடாது என்று ரோமிலிருந்து தடை வந்தது. இவ்வளவையும் நிதானமாகப் பார்த்த பிறகு நேரம் மிஞ்சினால் ஒரு வீடு, அதுவும் சுவரோவியங்களுக்குப் பெயர்பெற்று, 2023-இல் மீண்டும் திறக்கப்பட்ட வெத்தியர் வீடு, போதும்.

பயணத்துக்கு வேண்டியவை சில. ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து வெசுவியஸைச் சுற்றிச் செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறி ‘பொம்பெய் ஸ்காவி’ நிலையத்தில் இறங்குங்கள். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பு நடைமுறையில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு பெயர் போட்டே தரப்படுவதால், குழுவில் ஒவ்வொருவரும் அடையாள ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். நிழல் மிகக் குறைவு. வழவழப்பான அடிப்பாகம் உள்ள செருப்பு அந்தக் கற்களில் வழுக்கும்.

எரிமலைச் சாம்பலில் உறைந்துபோன மனிதர்களின் படங்களை என் மகன் அங்கிருந்து அனுப்பினான். பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்கு மனம் சரியில்லை. அவை உண்மையான உடல்களா? அவற்றைப் படம் எடுப்பது முறையா? – வாசகி, கும்பகோணம்

உங்கள் மனம் சங்கடப்பட்டது இயல்பு; சங்கடப்படாமல் கடந்து போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவை கல்லாகிப்போன உடல்கள் அல்ல. உடலைச் சுற்றிச் சாம்பல் இறுகிப்போக, நாளடைவில் உடல் அழிந்து, அதன் வடிவம் மட்டும் வெற்றிடமாக உள்ளே தங்கியது. 1863-இல் அகழாய்வுக்குப் பொறுப்பாக இருந்த ஜுசெப்பே ஃபியோரெல்லி, அப்படிப்பட்ட வெற்றிடங்களில் பிளாஸ்டர் கரைசலை ஊற்றி, இறுகிய பின் சுற்றியுள்ள சாம்பலை உடைத்தெடுக்கும் முறையைக் கையாண்டார். ஆகவே வெளியே தெரிவது பிளாஸ்டர்தான். ஆனால் பெரும்பாலானவற்றின் உள்ளே அந்த மனிதர்களின் எலும்புகள் இருக்கின்றன. இறந்தவர் ஒருவருக்கு முன்னால்தான் நாம் நிற்கிறோம்.

‘தப்பியோடியவர்களின் தோட்டம்’ என்று அழைக்கப்படும் இடத்தில் பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதின்மூன்று பேர் விழுந்து கிடக்கிறார்கள். எங்கள் குழுவில் இருவர் அந்த உருவங்கள் பின்னணியில் தெரியும்படி சிரித்துக்கொண்டு படம் எடுக்கத் தொடங்கியபோது, உடன் வந்த பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கைப்பேசிகள் தாமாகவே பைக்குள் போயின. படிப்புக்காகவோ நினைவுக்காகவோ ஒரு படம் எடுப்பதில் தவறில்லை. ஆனால் நம் முகத்தை அதில் சேர்த்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்கக் காப்பு அணிந்து, மடியில் குழந்தையோடு கிடந்த ஒருவரைத் தாய் என்றே பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். வழிகாட்டிகள் உருகி உருகி விவரிப்பார்கள். 2024-இல் வெளியான மரபணு ஆய்வு அவர் ஓர் ஆண் என்றும், அந்தக் குழந்தைக்கு இரத்த உறவு இல்லாதவர் என்றும் காட்டியது. இதனால் அந்தக் காட்சி சிறுத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. யாரோ ஒருவர், தம் பிள்ளையல்லாத ஒரு பிள்ளையோடு, கடைசி நேரத்தில் இருந்திருக்கிறார்.

எரிமலை வெடித்தது ஆகஸ்ட் 24 என்று படித்திருக்கிறோம். இப்போது அக்டோபர் என்கிறார்களே, எது சரி? – ஆசிரியர், திருநெல்வேலி

இன்னும் முடிவாகவில்லை; அக்டோபர் என்பதே இன்று பலரின் கருத்து. ஆகஸ்ட் தேதி, நேப்பிள்ஸ் விரிகுடாவின் மறுபுறம் இருந்த மிசேனத்திலிருந்து அந்த வெடிப்பைக் கண்ட இளைய பிளினி பின்னாளில் வரலாற்றாசிரியர் தாசித்துஸுக்கு எழுதிய கடிதத்தின் கைப்பிரதிகளிலிருந்து வந்தது. பிரதி எடுக்கும்போது தேதிகள் பிறழ்வது வழக்கம். 2018-இல், பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு வீட்டின் சுவரில் கரியால் எழுதிய ஒரு வரி கிடைத்தது. அதில் உள்ள தேதி நம் கணக்கில் அக்டோபர் 17. ஆண்டு குறிப்பிடப்படவில்லை என்றாலும், கரியெழுத்து சுவரில் நெடுநாள் தங்காது என்பது அவர்கள் வாதம். இலையுதிர்காலத்துப் பழங்களும், குளிர்காயும் கணப்புகளும் கிடைத்திருப்பதோடு இது பொருந்துகிறது.

என் தோழி அங்கிருந்து ஒரு சிறு கல்லை நினைவுக்காக எடுத்து வந்துவிட்டாள். இப்போது பயப்படுகிறாள். – வாசகி, மதுரை

திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். பொம்பெயி தொல்லியல் பூங்காவுக்கு இப்படிப் பொட்டலங்கள், மன்னிப்புக் கடிதத்தோடு, உலகெங்கிலுமிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. எடுத்ததால் சாபம் பிடித்தது என்று எழுதுகிறவர்கள் பலர். சாபத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் எந்தச் சுவரில், எந்த மூலையில் இருந்தது என்ற செய்தி கல்லோடு திரும்பி வராது என்பதே பெரிய இழப்பு. இத்தாலியச் சட்டப்படி அது குற்றமும் ஆகும்.

பொம்பெயியில் லட்சுமி சிலை கிடைத்ததாம். அது தமிழகத்திலிருந்து போனதுதானே? – வாசகர், புதுச்சேரி

ஆசை நமக்கு இருந்தாலும் சான்று அப்படிச் சொல்லவில்லை. 1938-இல் அபொண்டான்சா தெரு ஓரத்து வீடொன்றில் கிடைத்த, ஏறத்தாழ 25 செ.மீ. உயரமுள்ள தந்தச் சிற்பம் அது. இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் லட்சுமி என்று அழைத்தார்கள். யட்சி உருவம் என்பதே இன்று பலரின் கருத்து. அடிப்பகுதியில் பண்டைய வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி எழுத்து இருக்கிறது. இதைப் போன்ற தந்த உருவம் மகாராஷ்டிரத்தின் போகர்தனில் கிடைத்திருப்பதால், தக்காணப் பகுதியில் உருவாகியிருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

நமக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள மெய்யான உறவு மிளகிலும் மதுச்சாடியிலும் இருக்கிறது. யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறித் துறையை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு பாடுகிறது. மறுகரையில், ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமானிய நாணயங்களை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று வருந்தி எழுதியவர் இளைய பிளினியின் தாய்மாமனான மூத்த பிளினி. காரத்தைத் தவிர மிளகில் விரும்ப என்ன இருக்கிறது என்றும் கேட்டவர். அவர்தான் இந்த வெடிப்பின்போது, மக்களை மீட்கக் கப்பல்களோடு புறப்பட்டு, ஸ்தாபியே கரையில் உயிர் விட்டவர்.

முசிறி என்று பலரும் கருதும் கேரளத்துப் பட்டணம் அகழாய்வில் கிடைத்த ஆம்போரா சாடி ஓடுகள் சிலவற்றின் களிமண்ணில் கறுப்பு மணல் கலந்திருக்கிறது. அது வெசுவியஸ் அடிவாரத்தை உள்ளடக்கிய கம்பானியப் பகுதியின் எரிமலை மணல். அங்கே வனைந்து, மது நிரப்பி அனுப்பிய சாடிகள் அவை. முதல் கேள்வி கேட்ட தஞ்சாவூர் மாணவிக்கு ஒரு வேண்டுகோள்: பொதுச் சதுக்கத்தின் மேற்குப் பக்கத்தில், கம்பிக்கதவு போட்ட பழைய தானியக் கிடங்கில் ஆம்போராக்களை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லோரும் பிளாஸ்டர் உருவத்தைத் தேடி அங்கே முண்டியடிப்பார்கள். நீங்கள் சற்று நின்று, அடுக்கில் உள்ள உடைந்த சாடிகளின் விளிம்பைக் கம்பி வழியாகப் பாருங்கள்.