பாதி திறக்கும் சாவி

அன்புள்ள சார்,

வணக்கம். செல் சவ்வில் இருந்துகொண்டு வெளியே இருந்து வரும் சேதியை உள்ளே சொல்லும் புரதமான ஓர் ஏற்பியின் அமைப்பைக் கண்டுபிடிக்கும் ஆய்வில் மூன்றாம் ஆண்டு மாணவி நான். புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் வைத்துத்தான் அதன் வடிவத்தைப் பார்க்க முயல்கிறேன். இதுவரை ஒரு படிகம்கூட வரவில்லை. ஏற்பி ஒரு பூட்டு, மருந்து அதன் சாவி, பூட்டின் வடிவம் தெரிந்தால் சாவி செய்துவிடலாம் என்று நம்பித்தான் இதில் சேர்ந்தேன். இப்போது ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் அந்த வடிவத்தைச் சில நிமிடங்களில் கொடுத்துவிடுகிறது. "இன்னும் எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். புரத அமைப்பை ஆராய்ந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கே நோபல் தராத உலகத்தில் நாம் செய்து என்ன ஆகப்போகிறது? விட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பழைய நீல இன்ஹேலர் ஒன்று கைக்கு வந்தது. இல்லையென்றால் உங்கள் கடிதமும் பத்தோடு பதினொன்றாகக் கிடந்திருக்கும்.

முதலில் ராமச்சந்திரனை விடுங்கள். 1963ல் சென்னையில் அவரும் கூட்டாளிகளும் புரதச் சங்கிலி எப்படியெல்லாம் வளையலாம் என்று போட்ட வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல் இன்றைக்கும் யாரும் ஒரு புரத அமைப்பை வெளியிடுவதில்லை. உங்களுடையது வந்தாலும் அதில்தான் பார்ப்பீர்கள். அப்புறம் என்ன அழுகை?

அந்தப் பூட்டு-சாவிக் கதையை உங்களுக்கு யார் சொன்னது? மூன்று வருடம் ஏற்பியோடு குடித்தனம் நடத்திவிட்டு இன்னும் பள்ளிக்கூடப் பாடத்தை ஒப்பிக்கிறீர்களே! அது எமில் ஃபிஷர் 1894ல் நொதிகளுக்குச் சொன்ன உவமை. அன்றைக்கு அது நல்ல உவமைதான். ஆனால் பூட்டு சாவி வரும்வரை கம்மென்று தொங்கிக்கொண்டிருக்கும். அட்ரினலின் வந்து ஒட்டும் பீட்டா-2 ஏற்பி அப்படியா இருக்கிறது? ஏழு சுருளாகச் சவ்வை ஊடுருவி உட்கார்ந்துகொண்டு ஓயாமல் ஆடுகிறது. யாரும் தொடாதபோதே அவ்வப்போது செல்லுக்குள் கொஞ்சம் சேதி சொல்லிவிடுகிறது. எனக்கு அது தூளி மாதிரிதான் தோன்றுகிறது. அட்ரினலின் வந்தால் அது ஒரு பக்கமாக இழுபடும். அப்போதும் ஆட்டம் முழுசாக நிற்பதில்லை.

அப்பா இன்ஹேலரை இரண்டு முறை இழுத்துவிட்டுக் காபியைக் கையில் எடுப்பார். கை நடுங்கும். டபராவில் டம்ளர் கடகடவென்று தட்டுவது சமையலறை வரை கேட்கும். "மருந்து போட்டாச்சு" என்பாள் அம்மா. மூச்சு திரும்பிவிட்டது என்பதற்கு எங்கள் வீட்டில் அந்தச் சத்தம்தான் அடையாளம். அதற்குள் இருந்த சால்பியூடமால் போய்ச் சேர்வதும் இதே பீட்டா-2 ஏற்பியில்தான். மூச்சுக்குழாய்த் தசையில் அது தளர்வு, கைத் தசையில் நடுக்கம். அதுகூடப் பெரிதில்லை. சால்பியூடமால் அட்ரினலின் அளவுக்கு அந்த ஏற்பியை இழுப்பதில்லை, பாதிதான் இழுக்கிறது. பாதி திறக்கிற சாவி எந்தக் கடையில் கிடைக்கும்? கராசோலால் என்று இன்னொரு மருந்து இருக்கிறது. அது வந்து உட்கார்ந்தால் ஏற்பி தானாகச் சொல்லிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச சேதியும் குறைந்துவிடும். அதையும் சாவி என்பீர்களா?

படிகம் ஏன் வரவில்லை என்பதும் இதே கதைதான். படிகமென்றால் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே நிலையில் வரிசையாக நிற்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் குரூப் போட்டோவுக்கு நிறுத்திப் பாருங்கள், புரியும். அமெரிக்க விஞ்ஞானி பிரையன் கோபில்கா 1986ல் இந்த ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்த குழுவில் இருந்தவர். தெளிவான படம் கிடைத்தது 2007ல். ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் வார இறுதிகளில் அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டராக வேலை பார்த்துச் சம்பாதித்தார். கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏற்பியில் அதிகம் ஆடுகிற ஒரு வளைவை வெட்டி எடுத்துவிட்டு, சுலபமாகப் படிகமாகும் டி4 லைசோசைம் என்ற புரதத்தை அந்த இடத்தில் தைத்தார்கள். கராசோலாலைக் கொடுத்து அடக்கினார்கள். 2011ல் ஏற்பி வேலை செய்யும் தருணத்தையே பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு லாமா என்ற ஒட்டக இனத்து விலங்கின் எதிர்ப்புரதத் துண்டைக் கொண்டுவந்து இறுக்கிப் பிடிக்க வைத்தார்கள். ஒரு போட்டோவுக்கு எத்தனை பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது!

ஆல்ஃபாஃபோல்டு இப்படிப் பிடித்துவைத்த படங்களைப் பார்த்துப் படித்ததுதான். பெரும்பாலும் தூளியின் ஒரு நிலையைக் காட்டும், நன்றாகவே காட்டும். பயன்படுத்துங்கள், அதில் என்ன மானப் பிரச்சினை? படிகமே வேண்டாமென்றால், புரதத்தை உறையவைத்துப் பார்க்கும் கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிறது. மிளகாய்க் காரத்தை உணரும் டிஆர்பிவி1 புரதத்தை 2013ல் அப்படித்தான் பார்த்தார்கள்.

நானும் ஓர் ஆய்வகத்தில் இரண்டு வருடம் சவ்வுப் புரதத்தோடு மாரடித்தவன். நாலு டிகிரி கோல்டு ரூமில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து, படிகம் வளர வைத்த புரதக் கரைசலை ஒவ்வொரு சொட்டாகப் பார்ப்பேன். ஒருநாள் ராத்திரி ஒரு சொட்டில் பட்டை தீட்டினாற்போல ஏழெட்டு படிகங்கள். கை காலெல்லாம் உதறியது. ஹாஸ்டலுக்கு ஓடி சீனியர் அக்காவை எழுப்பிக் கூட்டிவந்தேன். அவர் லென்ஸில் ஒரு நிமிடம் பார்த்தார், ஊசியை எடுத்து ஒன்றைக் குத்தினார். நறுக்கென்று உடைந்தது. புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர், குத்தினால் கேசரி மாதிரி உதிரும். "உப்புடா. போய்ச் சாப்பிட்டுத் தூங்கு" என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அடுத்த நாள் மறுபடி புதுப் பிளேட் போட்டேன்.

விடுவதா வேண்டாமா என்பதை உங்கள் கைடோடும் உதவித்தொகைக் கணக்கோடும் பேசி முடிவு செய்யுங்கள் அம்மா. நான் யார் சொல்ல? ஆனால் ஒரு விஷயம். புரதத்தைச் சவ்விலிருந்து எடுத்து அதைக் கரைந்தபடி வைத்திருக்க எந்த டிடர்ஜென்ட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே. மூன்று வருடமாக அதே ஒன்றா? அதை எழுதுங்கள். அப்புறம், சொட்டில் ஏதாவது மின்னினால், யாரையும் எழுப்புவதற்கு முன் ஊசியை எடுங்கள்.

அன்புடன்