சூடோ குழுவிலிருந்து பெயர் போய்விட்டது, ஃபார்மட் செய்யணுமா?

கேள்வி: லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் வைத்திருக்கிறேன். டாக்கரை (மென்பொருள்களை கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் கருவி) சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை இயக்கும் வசதி) இல்லாமல் இயக்குவதற்காக, பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி போட்டு என்னை டாக்கர் குழுவில் சேர்த்தேன். ரீஸ்டார்ட் செய்த பிறகு சூடோ போட்டாலே, சூடோயர்ஸ் (யார் சூடோ பயன்படுத்தலாம் என்று சொல்லும்) கோப்பில் என் பெயர் இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும் என்று வருகிறது. கடையில் ஃபார்மட் செய்வதுதான் வழி என்கிறார்கள். கடைசி வருட ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது.
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஃபார்மட் வேண்டவே வேண்டாம். ப்ராஜெக்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்போதும்போல லாகின் செய்ய முடிகிறது அல்லவா, முதலில் ப்ராஜெக்டை ஒரு பென்டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். அப்புறம் நிதானமாகச் சரிசெய்யலாம். "தெரிவிக்கப்படும்" என்ற மிரட்டலுக்கும் பயப்பட வேண்டாம், அது உங்கள் கணினிக்குள்ளேயே பதிவாகும் ஒரு குறிப்பு, வெளியே யாருக்கும் போகாது.

நடந்தது இதுதான். பெரிய ஜி மட்டும் போட்டால், இந்தக் குழுவில் மட்டும் வைத்துக்கொள், கூடுதலாக இருந்த மற்ற குழுக்களிலிருந்தெல்லாம் எடுத்துவிடு என்று பொருள். ஏற்கெனவே இருப்பதோடு சேர்க்கச் சொல்வது அதற்கு முன்னால் வர வேண்டிய சின்ன ஏ. அந்த ஓர் எழுத்து விட்டுப்போனதால், சூடோ பயன்படுத்த அனுமதி தரும் சூடோ குழுவில் உங்கள் பெயர் அழிந்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்யும் முன்பே கவனித்திருந்தால், திறந்திருந்த டெர்மினலிலேயே பெரும்பாலும் சரிசெய்திருக்கலாம், ஏனென்றால் பழைய குழு உரிமைகள் லாக் அவுட் செய்யும்வரை கூடவே இருக்கும்.

இப்போது ரெகவரி மோடுக்கு, அதாவது பழுதுபார்க்கும் நிலைக்குப் போக வேண்டும். கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டுங்கள் (பழைய பயாஸ் வகை என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள்), எப்படித் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனு வரும். அதில் உபுண்டுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ரெகவரி மோடு என்று முடியும் வரி, அடுத்து வரும் மெனுவில் ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு). உபுண்டுவில் ரூட்டுக்கு நாமாக பாஸ்வேர்டு வைத்திருந்தால் ஒழிய அது கேட்காது, நேரே உள்ளே விட்டுவிடும். ஆனால் டிஸ்க் அப்போது படிக்க மட்டுமே திறந்திருக்கலாம், பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மவுண்ட், மைனஸ் ஓ, ரீமவுண்ட் கமா ஆர்டபிள்யூ, கடைசியில் ஒரு சாய்கோடு என்று அடித்தால் எழுதவும் முடியும். கமாவுக்கு முன்னும் பின்னும் இடைவெளி கூடாது.

சரி, இனி அதே யூசர்மாட்: மைனஸ் போட்டு சின்ன ஏ, பெரிய ஜி இரண்டையும் சேர்த்து, பிறகு சூடோ, பிறகு உங்கள் பயனர் பெயர். குரூப்ஸ் என்று அடித்து உங்கள் பெயரைக் கொடுத்தால் பட்டியலில் சூடோ தெரியும், தெரிந்த பிறகு ரீபூட் செய்யுங்கள். ஏடிஎம், சிடிராம், டிப், பிளக்டெவ், எல்பிஅட்மின் என்ற குழுக்களும் போயிருக்கும், அவற்றையும் இதே முறையில் சேர்த்துவிடுங்கள். எல்பிஅட்மின் இல்லையென்றால் பிரிண்டர் அமைப்பில் பின்னால் தொல்லை வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டாக்கர் குழுவில் இருக்கும் ஒருவர் மொத்த டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள் இணைத்து, உள்ளே ரூட்டாக எதையும் மாற்றலாம். அதாவது சூடோவை இழந்த அதே கட்டளையில் அதற்குச் சமமான, பாஸ்வேர்டுகூடக் கேட்காத அதிகாரத்தை நீங்களே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் சொந்த லேப்டாப்பில் அது பரவாயில்லை, கல்லூரி லேபில் பலர் பயன்படுத்தும் கணினியில் மட்டும் தயவுசெய்து யாரையும் அந்தக் குழுவில் சேர்க்காதீர்கள்.