டாங்கியா, உள்ளூர்க் கூட்டாளியா: வெளிநாட்டுப் படைக்கு எது முக்கியம்?

பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் போல. டாங்கி இடத்தைப் பிடிக்கும், கூட்டாளி அதைக் கட்டிக்காப்பான் என்று எழுதுங்கள், மார்க் கிடைக்கும். நான் திருகோணமலைக்காரன், எனக்கு அப்படி எழுத வராது.

டாங்கிக் கதை சின்னது. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க இந்திய அமைதிப்படை ரி-72 டாங்கிகளை இறக்கியது. ரோட்டெல்லாம் கண்ணிவெடி. சிக்கிக்கொண்ட கமாண்டோக்களை மீட்க டாங்கிகள் ரயில் பாதையால் போகவேண்டி வந்தது. ஒழுங்கைக்குள் டாங்கி கோயில் தேர் மாதிரி, திருப்பவே ஊர் கூடவேண்டும்.

கூட்டாளிகள் கதைதான் எங்கட வீட்டுக்குள் வந்தது. 1988 நவம்பரில் மாகாணசபைத் தேர்தல். அமைதிப்படையின் கூட்டாளியான ஈ.பி.ஆர்.எல்.எவ் இயக்கத்து வரதராஜப்பெருமாள் முதலமைச்சர், தலைநகர் எங்கட ஊர். 1989இல், அமைதிப்படை போகப்போகிறது என்றதும் அவசர அவசரமாகத் தமிழ்த் தேசிய இராணுவம் கட்டினார்கள். கட்டினது எப்படி? பிள்ளைபிடிதான். ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்த பெரியம்மாவின் மகனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரியம்மா சோற்றுப் பார்சலோடு முகாம் வாசலுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மொட்டைத்தலை, காலில் பாட்டாச் செருப்பு, தோளில் துவக்கு. "சுடுறதுக்கு இன்னும் ஒழுங்காச் சொல்லித் தரேல்லை அம்மா" என்றான். அந்த வருடக் கடைசியில் அம்பாறையிலிருந்து இந்தியப்படை விலக, அங்கிருந்த முகாம்கள் புலிகளிடம் விழுந்தன. அவனை அங்கேதான் அனுப்பியிருந்தார்கள்.

1990 மார்ச்சில் அந்தக் கூட்டாளிகளின் தலைவர்கள் இந்தியா போய்விட்டார்கள். 24ஆம் திகதி கடைசிப் படையும் எங்கட துறைமுகத்தில் கப்பல் ஏறியது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை 1989இல் போனபிறகும் அவர்களுடைய கூட்டாளி ஜனாதிபதி நஜிபுல்லா 1992 வரை தாக்குப்பிடித்தார், மொஸ்கோவிலிருந்து காசும் ஆயுதமும் வந்துகொண்டே இருந்ததால். இங்கே பிடித்துக்கொண்டு போன பெடியளைப் பார்க்க ஒருத்தரும் இல்லை.

"அப்ப மற்ற இயக்கங்கள் பிள்ளை பிடிக்கவில்லையா" என்று கீழே சண்டைக்கு வருவீர்கள், தெரியும். பிடித்தார்கள். அதையும் கேளுங்கள், தனியாக எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் வயிறெரியுது. அமைதிப்படையைக் கொண்டுவந்த 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு இரண்டு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களில் எங்கட சீனக்குடா எண்ணெய்க் குதங்களுக்குத் தனிப் பந்தி இருக்கிறது. 2022இலும் 99 குதத்தையும் இந்தியக் கம்பெனிக்கு 14, இலங்கைக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பெனிக்கு 61 என்று எண்ணிப் பிரித்துக் கையெழுத்து வைத்தார்கள். பெரியம்மாவுக்கு ஒரு துண்டுக் கடிதம் வரவில்லை.